காசின் பெயரும் காசின் நாணயமும்: செக் நாட்டுக் கொருனா சொல்லும் பாடம்

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கல்லாப்பெட்டியில் விழும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம். 'அவர் நாணயமானவர்' என்று ஒருவரைப் பற்றி நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், மொத்த வியாபாரி முன்பணம் கேட்காமலே மூட்டையை இறக்கி வைப்பார். காசு புழங்குவதும் இதே நம்பிக்கையில்தான். அச்சடித்த காகிதத்தை வாங்கிக்கொண்டு அரிசியையும் பருப்பையும் நாம் அளந்து கொடுக்கிறோம் என்றால், அந்தக் காகிதத்தை வெளியிட்டவர் சொல் தவறமாட்டார் என்று நம்பித்தான் கொடுக்கிறோம்.

அந்த நம்பிக்கை எப்படி வளர்கிறது, எப்படி ஒரே இரவில் உடைகிறது என்பதற்கு ஐரோப்பாவின் நடுவிலுள்ள செக் நாட்டுக் காசின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதன் பெயர் கொருனா. செக் மொழியில் கிரீடம் அல்லது மகுடம் என்று பொருள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக, ஆட்சிகள் மாறியும் நாடே இரண்டாகப் பிரிந்தும் அந்தப் பெயர் மாறவில்லை. ஆனால் அதே பெயரை நம்பிச் சேர்த்து வைத்தவர்கள் சில சமயம் காப்பாற்றப்பட்டார்கள், சில சமயம் கைவிடப்பட்டார்கள். இந்த வேறுபாடு எதனால் வந்தது என்பதை வணிகர்களாகிய நாம் அறிந்திருப்பது நல்லது.

டாலருக்குப் பெயர் தந்த பூமி

செக் மக்கள் காசுக்குப் புதியவர்கள் அல்லர். கூட்னா ஹோரா என்ற ஊரில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. அந்த வெள்ளியைக் கொண்டு 1300-ஆம் ஆண்டில் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் 'பிராக் குரோஷன்' என்ற காசை வெளியிட்டார். இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக மத்திய ஐரோப்பாவின் சந்தைகளில் அது செல்லுபடியாயிற்று.

பின்னர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாகிமோவ் என்ற மலையூரில் இன்னொரு பெரிய வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஜெர்மன் மொழியில் அவ்வூருக்கு யோவாகிம்ஸ்தால், அதாவது யோவாகிம் பள்ளத்தாக்கு என்று பெயர். ஷ்லிக் பிரபுக்கள் அங்கே அடித்த கனமான வெள்ளிக் காசை மக்கள் 'யோவாகிம்ஸ்தாலர்' என்றார்கள். அது சுருங்கித் 'தாலர்' ஆயிற்று; நாடு நாடாகப் போய் 'டாலர்' ஆயிற்று. இன்று உலக வணிகம் கணக்குப் பார்க்கும் காசின் பெயர் ஒரு செக் மலையூரின் பெயரிலிருந்து வந்தது. எடை குறையாத, கலப்பில்லாத வெள்ளி என்ற நம்பிக்கையே அந்தப் பெயரை அவ்வளவு தூரம் சுமந்து சென்றது.

மன்னர் தந்த பெயர்

கொருனா பிறந்தது 1892-இல். அப்போது செக் நாடு ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஒரு பகுதி. அதுவரை புழங்கிய காசுக்கு ஜெர்மனில் குல்டன் என்றும் செக்கில் ஸ்லாட்டி என்றும் பெயர். இரண்டுக்கும் பொன் தொடர்பான பொருள்தான். அதை விலக்கிவிட்டுத் தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட புதிய காசைப் பேரரசு கொண்டுவந்தது. பேரரசரின் மகுடம் அதன் பெயராயிற்று. பழைய ஸ்லாட்டி ஒன்றுக்குப் புதிய கொருனா இரண்டு. ஒரு கொருனாவுக்கு நூறு ஹலேர்.

இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1892-இல் சட்டம் வந்தாலும், எல்லாக் கணக்கும் கொருனாவில்தான் என்ற நிலை 1900 ஜனவரி 1 முதலே வந்தது. கடைக்காரர் விலைப்பட்டியலை மாற்றவும், பேரேட்டைத் திருத்தவும், வாடிக்கையாளர் பழகிக்கொள்ளவும் ஏழாண்டுகளுக்கு மேல் கிடைத்தது. அப்படியும் வாய்ப்பழக்கம் போகவில்லை. பத்துக் கொருனாவைச் செக் மக்கள் நெடுநாள் 'பியெட்கா', அதாவது 'ஐந்து' என்றே அழைத்து வந்தார்கள். பழைய கணக்கில் அது ஐந்து ஸ்லாட்டி அல்லவா!

1919: ஒட்டுவில்லையும் ஒரு நிதியமைச்சரும்

முதல் உலகப்போர் 1918-இல் முடிந்தது. பேரரசு சிதறியது. அக்டோபர் 28 அன்று செக்கோஸ்லோவாகியா குடியரசாகப் பிறந்தது. மன்னர் போய்விட்டார். ஆனால் மக்கள் கையில் இருந்ததெல்லாம் பழைய பேரரசின் கொருனா நோட்டுகளே. வியன்னாவிலிருந்த வங்கியோ நோட்டுகளை மேலும் மேலும் அச்சடித்துக்கொண்டிருந்தது. அயலூர்க்காரர் நம் கல்லாவுக்குள் கைவிட்டுக் கடன் சீட்டு எழுதி வைப்பது போன்ற நிலை அது.

புதிய நாட்டின் நிதியமைச்சர் அலோயிஸ் ராஷீன். போர்க்காலத்தில் ஆஸ்திரிய அரசால் தேசத்துரோகி என்று மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் பொதுமன்னிப்பில் உயிர் பிழைத்தவர். 1919 பிப்ரவரி 25 அன்று நாடாளுமன்றம் இரகசியமாகக் கூடிச் சட்டம் இயற்றியது. எல்லைகள் மூடப்பட்டன. மார்ச் முதல் வாரத்தில் மக்கள் தம்மிடமிருந்த நோட்டுகளைக் கொண்டுவந்து, வருவாய் வில்லை போன்ற சிறு ஒட்டுவில்லையை ஒட்டி வாங்கிச் சென்றார்கள். வில்லை ஒட்டிய நோட்டு புதிய நாட்டின் காசு. ஒட்டாதது அயல்நாட்டுக் காசு. 1, 2 கொருனா நோட்டுகளுக்கு வில்லை தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். எனவே கடைத்தெருவில் சில்லறை வியாபாரம் அடியோடு முடங்கவில்லை.

இதில் கசப்பும் இல்லாமல் இல்லை. மாற்ற வந்த பணத்தில் பாதியை அரசு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குக் கட்டாயக் கடனாகப் பிடித்து வைத்துக்கொண்டது. பின்னர் 1922-இல் கொருனாவின் மதிப்பு வேகமாக ஏறியபோது உள்நாட்டில் விலைவாசி இறங்கியது. உயர்ந்த விலைக்குக் கொள்முதல் செய்திருந்தவர்கள் இறங்கிய விலைக்குச் சரக்கைத் தள்ள வேண்டியதாயிற்று, ஏற்றுமதி படுத்தது, பலர் வேலை இழந்தனர். காசு வலுப்பதிலும் வணிகனுக்கு நட்டம் உண்டு என்பதை ராஷீனைப் புகழ்வோர் மறந்துவிடக் கூடாது. 1923 ஜனவரியில் ஓர் இளைஞன் அவரைச் சுட்டான். அடுத்த மாதம் அவர் இறந்தார்.

ஆனாலும் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். 1892-இல் பிறந்த அதே கொருனா வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் என்ன ஆயிற்று? ஆஸ்திரியாவில் அச்சடித்து அச்சடித்து மதிப்பிழந்து, கடைசியில் பத்தாயிரம் பழைய காசு கொடுத்து ஒரு ஷில்லிங் வாங்க நேர்ந்தது. ஹங்கேரியில் 12,500 கொடுத்தால் ஒரு பெங்கோ. இரு நாடுகளிலும் மகுடம் என்ற பெயரையே கைவிட்டார்கள். பிராகில் மட்டும் அது நிலைத்தது.

குடியரசில் மகுடம் என்ற பெயர் எதற்கு என்ற பேச்சு அப்போதே எழுந்தது. வல்லூறு என்று பொருள்படும் 'சொகோல்' என்ற பெயரைக்கூடச் சிலர் முன்வைத்தார்கள். முடிவில் 1919 ஏப்ரலில் 'செக்கோஸ்லோவாகியக் கொருனா' என்றே சட்டமாயிற்று. அதைக் குறிக்கும் சுருக்கெழுத்து கே-யும் செ-யும் சேர்ந்த இரண்டே எழுத்து. நல்ல பெயரெடுத்த கடையை வாங்கியவர் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றமாட்டார் அல்லவா, அதைப்போலத்தான்.

படை நடந்த காலம்

1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராகில் நுழைந்தது. ஒரு ஜெர்மன் மார்க்குக்குப் பத்துக் கொருனா என்று மாற்று விகிதத்தை அவர்களே விதித்தார்கள். கொருனாவின் உண்மை மதிப்பு அதைவிடக் கூடுதல். எனவே ஜெர்மன் சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் செக் கடைகளில் எல்லாமே மலிவு. துணியும் காலணியும் உணவுப்பொருளும் அள்ளிச் செல்லப்பட்டன. கடைக்காரர் கையில் காகிதம் நிறைந்தது, அலமாரி காலியாயிற்று. கள்ள நோட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் சட்டப்படி செல்லும் பணம். ஆனால் விகிதத்தை வலுத்தவன் எழுதினால் சட்டப்படி செல்லும் பணமும் கொள்ளைக்குக் கருவியாகும்.

போர் முடிந்ததும் 1945 நவம்பரில் புதிய நோட்டு வந்தது. ஆளுக்கு 500 கொருனா மட்டும் கையில் கொடுத்தார்கள். மிச்சமெல்லாம் முடக்கிய கணக்கில் போடப்பட்டது. 'உங்கள் பணம் எங்கும் போகாது, பொறுத்திருங்கள்' என்பது அதன் உட்பொருள். மக்கள் பொறுத்திருந்தார்கள்.

1953: சொல் தவறிய நாள்

1948-இல் ஆட்சி கம்யூனிஸ்டுக் கட்சியின் கைக்குப் போனது. கடைகளும் மொத்த வணிகமும் படிப்படியாக அரசுடைமையாயின. 1953 மே மாதக் கடைசியில் பணம் மாற்றப்போகிறார்கள் என்று ஊரெங்கும் வதந்தி. மக்கள் கடைகளில் முண்டியடித்துக் கிடைத்ததை வாங்கினார்கள். குடியரசுத் தலைவர் அன்டோனின் ஸாபோடோட்ஸ்கி, நம் காசு உறுதியானது, பண மாற்றம் எதுவும் இல்லை என்று வானொலியில் உறுதி கூறினார்.

அந்த உறுதி ஓரிரு நாள்கூடத் தாங்கவில்லை. மே 30, சனிக்கிழமை மாலை அறிவிப்பு வந்தது. ஜூன் 1 முதல் பழைய பணம் செல்லாது. புதிய நோட்டுகள் சோவியத் நாட்டில் முன்னரே அச்சாகி வந்து சேர்ந்திருந்தன.

மாற்று விகிதத்தைப் பாருங்கள். கூலியும் சம்பளமும் ஐந்துக்கு ஒன்று. கையிருப்பில் ஆளுக்கு 300 கொருனா வரை ஐந்துக்கு ஒன்று. அதற்கு மேல் ஐம்பதுக்கு ஒன்று. கூலிக்கு ஆள் வைத்திருப்பவருக்கு அந்த 300 சலுகையும் கிடையாது. கடையில் ஒரு கையாள் வைத்திருந்த சிறு வணிகர் எஞ்சியிருந்தால் அவரும் இந்தக் கணக்கில்தான் அடங்குவார். அப்படிப்பட்ட ஒருவர் பத்தாயிரம் சேர்த்து வைத்திருந்தார் என்று கொள்வோம். கூலிக்குச் சொன்ன கணக்குப்படி அது 2,000 ஆக வேண்டும். அவர் கையில் வந்ததோ 200. 1945-இல் 'பொறுத்திருங்கள்' என்று முடக்கி வைத்த கணக்குகள் அடியோடு ரத்தாயின. அரசுக் கடன் பத்திரங்களும் அப்படியே. வங்கிச் சேமிப்புக்கு மட்டும் சற்றே இரக்கம் காட்டி, தொகை ஏற ஏற விகிதம் குறையுமாறு படிக்கட்டு வைத்தார்கள்.

இதனால் அடிபட்டவர்கள் பணக்காரர் மட்டும் என்று எண்ணினால் தவறு. மகளின் கல்யாணத்துக்கும் முதுமைக்கும் சேர்த்து வைத்த தொழிலாளியும் அடிபட்டார். பில்சன் நகரில் ஜூன் 1 அன்று ஸ்கோடா ஆலைத் தொழிலாளர்கள் வீதியில் இறங்கி நகர மன்றத்தையே கைப்பற்றினார்கள். படையும் காவலரும் வந்து அடக்கினர். பலர் சிறை சென்றனர். தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட அரசை எதிர்த்துத் தொழிலாளர்கள் எழுந்தது காசின் பொருட்டே.

கொருனா என்ற பெயர் அப்போதும் மாறவில்லை. அதிகார விகிதப்படி ஒரு டாலருக்கு 7 கொருனா 20 ஹலேர். காசில் இத்தனை மில்லிகிராம் தங்கம் என்று காகிதத்தில் எழுதியும் வைத்தார்கள். ஆனால் 1957 முதல் அதே அரசு 'டூஸெக்ஸ்' என்ற கடைகளை நடத்தியது. அயல்நாட்டுப் பணமோ அதற்கு ஈடான சீட்டோ இருந்தால்தான் அங்கே நல்ல சரக்கு கிடைக்கும். சொந்தக் காசை வாங்க மறுக்கும் கடையை அரசே நடத்தினால், அந்தக் காசின் நாணயத்தைப் பற்றி வேறு சான்று வேண்டுமா? அச்சீட்டுகளை மறைவாக வாங்கி விற்பதே ஒரு தொழிலாயிற்று.

1993: நாடு பிரிந்தது, கணக்கு பிசகவில்லை

1989-இல் அந்த ஆட்சி விழுந்தது. 1991 ஜனவரியில் அரசுக் கடைகள் ஏலத்துக்கு வந்தன. பெட்டிக்கடையும் மளிகையும் மீண்டும் தனியார் கைக்கு வந்தன. அடுத்த இரண்டே ஆண்டில், 1993 ஜனவரி 1 அன்று, செக் நாடும் ஸ்லோவாகியாவும் சண்டையின்றிப் பிரிந்தன. காசு மட்டும் சில மாதம் பொதுவாக இருக்கட்டும் என்று ஒப்பந்தம். ஆனால் எந்தப் பக்கம் காசு வலுக்குமோ அந்தப் பக்கம் பணம் ஓடும் என்பது நமக்குத் தெரியாததா? ஆறு வாரத்துக்குள் ஒப்பந்தம் முடிந்தது.

பிப்ரவரி 2 அன்று அறிவிப்பு. 4 முதல் 7 வரை மாற்றம். 8-ஆம் தேதி முதல் இரு நாடு, இரு காசு. 1919-இல் செய்ததைப் போலவே 100, 500, 1000 நோட்டுகளில் ஒட்டுவில்லை ஒட்டினார்கள். ரொக்கமாக ஆளுக்கு 4,000 வரை மாற்றலாம். மேற்பட்டதை வங்கியில் செலுத்தலாம். விகிதம் எல்லாருக்கும் ஒன்றுக்கு ஒன்று. சிறு நோட்டுகளும் சில்லறைக் காசுகளும் சில மாதம் அப்படியே புழங்கின. ஆகையால் பால்காரரும் காய்கறிக் கடைக்காரரும் மறுநாள் காலையில் வழக்கம்போல் வியாபாரம் செய்ய முடிந்தது.

கே-யும் செ-யும் சேர்ந்த அந்தப் பழைய சுருக்கெழுத்தும் திரும்பி வந்தது. 1919-இல் அது செக்கோஸ்லோவாகியக் கொருனாவைக் குறித்தது. 1993 முதல் செக் கொருனாவைக் குறிக்கிறது. ஸ்லோவாகியர் தம் கொருனாவை 2009 ஜனவரி 1 வரை வைத்திருந்து, பிறகு யூரோவுக்கு மாறினார்கள். அப்போது 30.1260 கொருனாவுக்கு ஒரு யூரோ. கடைசிப் புள்ளிவரை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. செக் நாடு 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தும் இன்றுவரை கொருனாவை விடவில்லை. ஹலேர் காசு மட்டும் காலத்தால் தேய்ந்தது. கடைசியாக இருந்த 50 ஹலேர் காசு 2008 ஆகஸ்டோடு நின்றது. ரொக்க பில்லை முழுக் கொருனாவுக்குத் திருத்திக்கொள்கிறார்கள்.

நாம் சொல்ல விரும்புவது

பண மாற்றத்தை முன்கூட்டிச் சொன்னால் பதுக்குவோர் தப்பிவிடுவார்கள், இரகசியம் தேவை என்று அரசுகள் சொல்வதுண்டு. 2016 நவம்பர் 8 இரவை நினைவில் வைத்திருக்கும் நமக்கு இந்த வாதம் புதிதல்ல. அதில் உண்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1919-லும் 1993-லும் தேதியை முன்கூட்டி வெளியிடவில்லைதான். ஆனால் தேதியைச் சொல்லாமல் இருப்பது வேறு. நடக்கவே நடக்காது என்று கூறிவிட்டு நடத்துவது வேறு. விலையேற்றம் வருமா என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் வணிகர் வாய் திறக்காமல் இருக்கலாம். 'ஏறாது, என்னை நம்புங்கள்' என்று சொல்லிவிட்டு மறுநாள் ஏற்றினால் அவர் கடைக்கு யார் வருவார்கள்?

செக் வரலாற்றிலிருந்து மூன்று அளவுகோல்கள் நமக்குக் கிடைக்கின்றன. முதலாவது, மாற்று விகிதம் ஏழைக்கும் பணக்காரருக்கும், கூலிக்காரருக்கும் கடைக்காரருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வரி போடுவதென்றால் வரி என்று பெயர் சொல்லிப் போடட்டும். காசின் மதிப்பில் கைவைத்து வசூலிக்கக் கூடாது. இரண்டாவது, பெரிய நோட்டைத் தொட்டாலும் சில்லறையைத் தொடக் கூடாது. அன்றாடச் சாப்பாட்டுக்கு உரிய வியாபாரம் சில்லறையில்தான் நடக்கிறது. மூன்றாவது, முடக்கி வைத்த பணத்தைத் திருப்பித் தருவோம் என்றால் தர வேண்டும். 1945-இல் முடக்கியதை 1953-இல் விழுங்கியதே மக்கள் மனத்தில் ஆறாத புண்ணாயிற்று.

வணிகர்களுக்கும் இதில் கடமை உண்டு. பணம் மாறும் நாளில் அரசின் அறிவிப்பை மக்கள் முதலில் உணர்வது வங்கியில் அன்று, நம் கடை மேசையில்தான். 'இந்த நோட்டு செல்லுமா, அண்ணாச்சி?' என்று நம்மிடம்தான் கேட்பார்கள். அறியாதவரிடம் பாதி விலைக்கு நோட்டை வாங்கிக்கொள்பவரும், மீதிச் சில்லறை தராமல் இழுத்தடிப்பவரும் எல்லா நாட்டிலும் உண்டு. நாம் அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது. சேமிப்பை எல்லாம் ரொக்கமாகக் கட்டி வைக்காமல் சரக்கிலும் கணக்கிலும் பிரித்து வைப்பதும், பேரேட்டை ஒழுங்காக எழுதி வைப்பதும் நம்மைக் காக்கும் வழிகள்.

2019-இல், காசு பிறந்த நூறாவது ஆண்டில், செக் தேசிய வங்கி ஒரு நினைவு நோட்டை வெளியிட்டது. அதில் இருப்பது ராஷீனின் படம். கடுமையானவர், பலருக்கு நட்டம் வரக் காரணமானவர், சுட்டுக் கொல்லப்பட்டவர். ஆனால் காசின் மதிப்பைக் காத்தவர் என்று அந்த நாடு அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஸாபோடோட்ஸ்கியின் படத்தையும் ஒரு காலத்தில் நோட்டில் போட்டிருந்தால்கூட, வானொலியில் அவர் சொன்ன சொல்லை மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். காசில் எந்தப் பெயரையும் பொறிக்கலாம். அதன் நாணயத்தைப் பொறிக்க எந்த அச்சும் இல்லை. அரசு ஆனாலும் சரி, அரைக்கிலோ சர்க்கரை அளக்கும் நாம் ஆனாலும் சரி, சொன்ன சொல்லைக் காத்துத்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும்.